டவர் எதிரே குடி போகலாமா?

கேள்வி: தாம்பரம் பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறோம். ஒரு வீட்டின் எதிர் மாடியில் செல்போன் டவர், இன்னொன்றை ஒட்டியே உயரழுத்த மின்கம்பி. கைக்குழந்தை இருக்கிறது. எதை விடுவது?

பதில்: நான் என்றால் மின்கம்பி வீட்டைத்தான் முதலில் விடுவேன், ஏனென்றால் அந்தக் கம்பியின் காந்தப்புலத்தைச் சுவர் தடுக்காது, தள்ளிப் போனால்தான் குறையும்; 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற பிரிவில் வைத்தது குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகளைப் பார்த்துத்தான். நிரூபணம் ஆகவில்லை, அதனால் பயந்துவிடாதீர்கள். டவர் விஷயம் வேறு. அதன் அலை பெரும்பாலும் பக்கவாட்டில் போகிறது, ஆகவே ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் ஜன்னல் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், அட்வான்ஸ் கொடுக்கும் முன் செல்போன் டவர்களின் விவரம் தரும், தொலைத்தொடர்புத் துறையின் ‘தரங் சஞ்சார்’ தளத்தில் அந்தத் தெருவைத் தேடுங்கள்.