அவருக்கே இப்படி என்றால்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு சுரங்கக் குடியிருப்பில் உள்ள பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். போன மாதம் எங்கள் ஷிப்ட் தலைவர் ஒருவர் பூமிக்கடியில் கூரை சரிந்து இறந்துவிட்டார். முப்பது வருடத்துக்கு மேல் அனுபவம். இப்போது சுரங்கத்தில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். கூட இருந்த இளைஞனை ஒரு கம்பி எடுத்துவர அனுப்பியிருக்கிறார். அவன் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பையன் என் பழைய மாணவன். இன்னும் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

ஊரில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அவருக்கே இப்படி என்றால் நம் கையில் என்ன இருக்கிறது?" இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் "தன்னலமற்றவர்", "ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்றுதான் வருகிறது. யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துகிற வார்த்தைகள். என்ன பேசலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஊருக்கும் அந்தப் பெரியவரின் குடும்பத்துக்கும் என் ஆழ்ந்த வருத்தங்கள்.

"அவருக்கே இப்படி" என்ற பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். துக்கத்தில் தானாக வாயில் வருகிற பேச்சு அது, யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது நிலைத்துவிட்டால் ஆபத்து. கெட்டிக்காரராலேயே தப்ப முடியவில்லை, அதனால் இது விதி என்று அவருடைய திறமையையே சாட்சியாக வைத்து விஷயத்தை மூடிவிடும். கொஞ்ச நாள் போனால் இன்னொரு பேச்சும் கிளம்பும், பாருங்கள்: "அத்தனை வருட அனுபவம், அசட்டையாக இருந்திருப்பார்." முதல் பேச்சு அவரைத் தெய்வமாக்குகிறது, இரண்டாவது குற்றவாளியாக்குகிறது. எதை நம்பினாலும் அந்தச் சுரங்கத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்க வேண்டியிருக்காது.

அனுபவசாலிகள் ஏன் இறக்கிறார்கள் என்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. ஆபத்தான வேலையெல்லாம் அவர்களிடம்தான் போகிறது. உங்கள் சுரங்கத்தில் எதை எடுக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நிலக்கரியை வைத்துச் சொல்கிறேன். கூரையைத் தாங்குவதற்காக முதலில் வெட்டாமல் விட்டுவைத்த நிலக்கரித் தூண்களைக் கடைசிக் கட்டத்தில் வெட்டியெடுத்துக்கொண்டே பின்வாங்குவார்கள். முட்டுகளை ஒவ்வொன்றாக உருவ வேண்டும், பின்னால் கூரை இடிந்துகொண்டே வரும். இதைப் புதியவனிடம் கொடுக்க முடியுமா? வாயுச் சந்தேகம் வந்தாலும், யாராவது மாட்டிக்கொண்டாலும் முதலில் உள்ளே போகிறவர் அனுபவசாலிதான். ஆக, அபாயத்துக்குப் பக்கத்தில் அதிக நேரம் நிற்பவர் அவரே. உங்கள் ஷிப்ட் தலைவரும் அப்படி நின்றவராகத்தான் இருப்பார். கம்பி எடுக்கப் பையனை அனுப்பிவிட்டுத் தான் அங்கேயே இருந்திருக்கிறாரே.

பெரிய விபத்துகளை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. 1906இல் பிரான்சின் கூரியே சுரங்கத்தில் 1,099 பேர் இறந்தார்கள். 1975 டிசம்பரில் தன்பாத் பக்கத்தில் சாஸ்நாலாவில் வெள்ளம் புகுந்து 370 பேருக்கு மேல் போனார்கள். ஆனால் பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களின் நீண்ட கணக்கைப் பார்த்தால், வெடிவிபத்துகளில் இறந்தவர்களைவிட ஒருவர் இருவராகக் கூரை சரிந்து இறந்தவர்கள்தான் அதிகம். ஒற்றைச் சாவு செய்தியாவதில்லை. அடுத்த ஷிப்ட் வழக்கம்போல் இறங்கிவிடும். உலகத் தொழிலாளர்களில் சுமார் 1 சதவீதம் பேர்தான் சுரங்கத்தில் இருக்கிறார்கள், வேலையிடத்து விபத்துச் சாவுகளில் சுமார் 8 சதவீதம் அங்கே நடக்கிறது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு சொல்லியிருக்கிறது. அந்த 8 சதவீதத்தில் பெரும்பாலானவை உங்கள் ஊரில் நடந்ததைப் போன்ற சாவுகளாகத்தான் இருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் 1871 முதல் நடந்துவரும் சுரங்கத் தொழிலாளர் விழாவில், அங்கே சுரங்கங்கள் இயங்கிய காலத்தில், எனக்கு மிகவும் பிடித்த பழக்கம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு சுரங்கத்தின் சங்கமும் தன் பதாகையைத் தூக்கி வந்தது. அந்த ஆண்டில் எந்தச் சுரங்கத்தில் ஆள் இறந்திருந்தாரோ, அந்தச் சுரங்கத்தின் பதாகை மேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. இறந்தவர் ஒருவர்தான் என்றாலும் ஊர்வலத்தில் எல்லார் கண்ணிலும் அது பட்டே ஆக வேண்டியிருந்தது.

இனி உங்கள் பேச்சுக்கு வருகிறேன். அவருடைய குணத்தை விட்டுவிட்டு அவர் வேலையைச் சொல்லுங்கள். குணம் அதிலேயே தெரிந்துவிடும். கூரையைச் சோதிக்கிற வேலையையே எடுத்துக்கொள்வோம். ஒரு நீளக் கம்பியால் பாறையைத் தட்டுவார்கள். கெட்டியான பாறை கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்து தளர்ந்திருந்தால் மேளத்தைத் தட்டினதுபோல் பொத்தென்று கேட்கும். இரண்டுக்கும் நடுவில் எத்தனையோ ஒலிகள், எதைக் கேட்டால் ஆளை வெளியே அனுப்ப வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் முழுசாகச் சொல்லித்தராது. தட்டும்போதே இன்னொரு கையின் விரல்களைப் பாறையில் வைத்து, அது அதிர்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. மர முட்டு இருந்த காலத்தில், சுமை ஏற ஏற மரம் முனகுவதைக் காதில் வாங்கிக்கொண்டே வேலை செய்தார்கள். இரும்பு சத்தமில்லாமல் தாங்கும், மரம் முன்கூட்டியே சொல்லும் என்பது பழைய ஆட்களின் நம்பிக்கை.

இந்த மாதிரி விஷயம் உங்கள் ஊரில் அவரிடம் என்னென்ன இருந்தது என்று கேட்டு எழுதுங்கள். ஷிப்ட் தொடங்கியதும் முதலில் எங்கே போவார், எந்த இடத்தில் பேச்சை நிறுத்துவார், புது ஆளை முதல் நாள் எங்கே நிற்க வைப்பார், மேலதிகாரி அவசரப்படுத்தியபோது எப்போதாவது "இன்று இங்கே வேலை இல்லை" என்று சொல்லியிருக்கிறாரா? அவரோடு வேலை பார்த்தவர்கள் கட்டாயம் சொல்வார்கள். அவர் கற்றுக்கொடுத்தது இப்போது அவர்களிடம் துண்டு துண்டாக இருக்கிறது. நீங்கள் சேர்த்து எழுதாவிட்டால், அவர்கள் ஓய்வுபெறும்போது அதுவும் போய்விடும். அதனால் கூட்டத்தில் பேசினால் மட்டும் போதாது, ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள்.

அந்தப் பையனைப் பற்றி. கூட்டத்துக்கு முன்பே அவனைப் போய்ப் பாருங்கள். மேடையிலிருந்து அவன் பெயரைச் சொல்லாதீர்கள், "அவர் உயிரைக் கொடுத்து இவனைக் காப்பாற்றினார்" என்று யாரையும் சொல்லவும் விடாதீர்கள். அவர் என்ன நினைத்து அனுப்பினார் என்று யாருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றை இருபது வயதுப் பிள்ளையின் தலையில் ஆயுளுக்கும் கடனாக ஏற்றக் கூடாது. கம்பி தேவைப்பட்டது, அனுப்பினார், அவ்வளவுதான். முதல் நாளே அவனிடம் பேச்சு வராமல் போகலாம். சும்மா பக்கத்தில் இருங்கள். தூக்கமில்லாமல் தவித்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், தயங்க வேண்டாம். திரும்பச் சுரங்கத்தில் இறங்குவதா இல்லையா என்பதை அவனே முடிவு செய்யட்டும்.

அப்புறம் விசாரணை. இதையும் கூட்டத்தில் சொல்லத்தான் வேண்டும், துக்க வீட்டில் இது எதற்கு என்று சிலர் முணுமுணுத்தாலும். 1862 ஜனவரியில் இங்கிலாந்தின் ஹார்ட்லி சுரங்கத்தில் பம்ப் இயந்திரத்தின் பெரிய இரும்பு உத்தரம் முறிந்து, வெளியே வர இருந்த ஒரே குழியை அடைத்துவிட்டது. 204 பேர் உள்ளேயே இறந்தார்கள். அதே ஆண்டு, எந்த நிலக்கரிச் சுரங்கத்துக்கும் இரண்டு வழிகளாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. உத்தரம் முறிந்தது விதி என்று விட்டிருந்தால் அது வந்திருக்காது. 1995இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பில் உருவான சுரங்கப் பாதுகாப்பு உடன்படிக்கை, அதை ஏற்ற நாடுகளில், ஆபத்து தெரிந்தால் அந்த இடத்தை விட்டு வெளியேறவும், ஆய்வும் விசாரணையும் கேட்டுப் பெறவும் தொழிலாளிக்கு உரிமை தருகிறது.

உங்கள் ஊரில் கேட்க வேண்டியவை: அந்த இடத்துக் கூரையைக் கடைசியாக யார், எப்போது சோதித்தார்கள்? முட்டுகள் திட்டப்படி இருந்தனவா? அவர் முன்பே ஏதாவது புகார் எழுதியிருந்தாரா, எழுதியிருந்தால் அந்தத் தாள் எங்கே? அறிக்கை வந்ததும் அதை ஊராருக்குப் புரிகிறபடி வாசித்து விளக்க ஒருவர் வேண்டும். ஆசிரியரான நீங்களே அதைச் செய்யலாம். பாறை, முட்டு, வாயு பற்றிய பகுதிகளில் தடுமாற்றம் இருந்தால் எனக்கு எழுதுங்கள், விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.