வெறும் முரட்டு பலமா?

வணக்கம் ஐயா. ஸ்காட்லாந்தில் கில்ட் கட்டிக்கொண்டு ஒரு முழு மரத்தையே தூக்கி எறிகிறார்கள். அதிக தூரம் எறிந்தவர் ஜெயிப்பதில்லையாமே, ஏன்? நம்மூர் இளவட்டக்கல்தான் அங்கே போயிருக்கும் என்று நினைக்கிறேன். எப்படியோ, மூளைக்கு வேலையில்லாத முரட்டு பலம்தானே இதெல்லாம்?
கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

நீங்கள் சொல்லும் மர எறிதலுக்குக் கேபர் என்று பெயர். அதில் தூரம் கணக்கே இல்லை. சுமார் 6 மீட்டர் நீள மரம் தலைகுப்புறப் புரண்டு, எறிந்தவருக்கு நேர் எதிரே நீட்டி விழவேண்டும், அவ்வளவுதான். இளவட்டக்கல் அங்கே போனதற்கு ஒரு ஆதாரமும் கிடையாது. அதை விட்டுவிடுங்கள்.

உங்கள் கடைசி வரிக்குத்தான் இந்தப் பதில். மூட்டை தூக்கி எங்களை வளர்த்த என் தாய்மாமாவையும் ஊரில் இப்படித்தான் சொல்வார்கள். எந்த மூட்டையை முதலில் எடுப்பது, எங்கே தோள் மாற்றுவது என்று அவர் போட்ட கணக்கு யார் கண்ணிலும் படவில்லை. நீங்களும் அதையே எழுதினால் எனக்குக் கோபம் வராதா?

ஸ்காட்லாந்தின் பிரேமார் ஊரில் நடக்கும் இந்தப் போட்டிகளுக்கு 1848-ல் விக்டோரியா ராணியே வந்தார். ஆனால் மைதானத்தில் கிடப்பதைப் பாருங்கள். கேலிக் மொழியில் கேபர் என்றால் கூரைக்குப் போடும் மரம். அப்புறம் சம்மட்டி. கம்பிக்கு மேலே வீசும் 56 பவுண்டு எடை தராசில் வைத்த எடைக்கல். எல்லாமே உழைப்பவன் கையில் புழங்கிய சாமான்கள்.

அபர்தீன்ஷயரில் டீ ஆற்றின் மேல் போட்டார்க் பாலம் இருக்கிறது. அதைப் பழுதுபார்த்தபோது சாரத்துக்கு எதிர்பாரமாகத் தொங்கவிட்டவை என்று இரண்டு கற்களைச் சொல்வார்கள். தலையில் இரும்பு வளையம் மாட்டியவை. 1860-ல் டொனால்ட் டின்னி, ஒரு கொத்தனாரின் மகன், இரண்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு பாலத்தின் அகலத்தைக் கடந்தாராம். ஒன்று 188 கிலோ, மற்றது 144. இந்த வித்தியாசம்தான் ஆளைக் கவிழ்க்கும். ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்து, காலை அகட்டி நின்று, ஒரு கைக்கு ஒரு வளையமாகப் பிடிக்க வேண்டும். இரண்டு கையிலும் ஒரே மாதிரி இழுத்தால் சின்னது முதலில் கிளம்பும், இடுப்பு முறுக்கிக்கொள்ளும். பெரிய கல்லுக்கு எவ்வளவு முன்னதாக இழுக்க ஆரம்பிப்பது என்று ஒவ்வொருவரும் தன் உடம்பை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இது மூளை வேலை இல்லையா, சொல்லுங்கள்.

2018-ல் லீ ஹாலண்ட்-கீன் என்ற பெண், பிடி நழுவாமலிருக்கக் கையில் பட்டை எதுவும் சுற்றாமல் அந்த இரண்டு கற்களையும் தூக்கினார். வீடியோ கிடைத்தால் அவர் விரல்களை மட்டும் கவனித்துப் பாருங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.