பொன்னாடை இல்லாத மாநாடு

அன்புள்ள ஐயா,

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஒரு இயற்பியலாளரைக் கௌரவிக்கும் மாநாட்டுக்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். மூன்று நாள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு நடுவே போய் உட்கார்ந்து எனக்கு என்ன புரியப்போகிறது? நீங்கள் பெங்களூரு சந்திரசேகர் மாநாட்டுக்குப் போயிருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால் கேட்கிறேன்.

இரா., திண்டுக்கல்

அன்புள்ள இரா.,

போங்கள். விடுப்பு போட்டுவிட்டுப் போங்கள்.

நான் போனது 2010 டிசம்பரில். விண்மீன்களை ஆராய்ந்த இயற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் நூற்றாண்டையொட்டி இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்திய மாநாடு அது. நம் இலக்கிய விழாக்களைப் பார்த்துப் பழகியவன் நான். காலை முழுக்கப் புகழுரை இருக்கும் என்று நினைத்துப் போனேன். பேச வந்தவர்களோ அவர் விட்ட இடத்திலிருந்து தங்கள் கணக்கைத் தொடங்கினார்கள். எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை என்பது உண்மைதான்.

தேநீர் இடைவேளையில் பக்கத்தில் நின்ற ஆய்வு மாணவரிடம், சந்திரசேகர் எல்லை என்கிற அந்த 1.44 எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சேலத்துக்காரர். டம்ளரை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு என் நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடு போட்டார். கீழே நிறை, பக்கவாட்டில் ஆரம். வெண்குள்ளன், அதாவது எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிப்போன விண்மீன். அதன் நிறை கூடக்கூட அது பெருக்காது, சுருங்கும். வளைவு சரிந்துகொண்டே வந்து, சூரியனைப் போல 1.44 மடங்கு என்ற இடத்தில் அடிக்கோட்டைத் தொட்டது. "இதுக்கு மேல எலக்ட்ரானோட அழுத்தம் எடையைத் தாங்காது சார்" என்று அந்த இடத்தில் பேனாவை அழுத்தினார். தாள் லேசாகக் கிழிந்துவிட்டது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய 19 வயதுப் பையன் சந்திரசேகர், அந்தப் பயணத்திலேயே தொடங்கிய கணக்கு இது. உள்ளே நெருக்கப்படும் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குகின்றன என்றால் ஐன்ஸ்டீனின் சார்பியலையும் சேர்த்துத்தானே கணக்கிட வேண்டும்? அவர் கேட்டது இவ்வளவுதான். 1935 ஜனவரியில் லண்டன் அரச வானியல் கழகத்தில் அவர் பேசி முடித்ததும், அன்றைய புகழ்பெற்ற வான் இயற்பியலாளர் எடிங்டன் எழுந்து எல்லார் முன்னிலையிலும் அதை அபத்தம் என்று தள்ளினார். நோபல் வந்தது 1983இல். நடுவில் 48 ஆண்டுகள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆனால் அவருக்கு ஆறியிருந்தது. எடிங்டனின் நூற்றாண்டுக்காக 1982இல் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவு ஆற்றியவரே சந்திரசேகர்தான். தன் காலத்தின் தலைசிறந்த வான் இயற்பியலாளர் என்று எடிங்டனை மனமாரப் போற்றினார். பழைய தகராறையும் ஒளிக்கவில்லை. ஒரு அறிஞரைக் கௌரவிப்பது எப்படி என்று யாராவது கேட்டால் நான் அந்தச் சொற்பொழிவைத்தான் சொல்வேன்.

அந்த மாணவர் நோட்டைத் திருப்பித் தரும்போது இன்னொன்றும் சொன்னார். 2003இல் பார்த்த ஒரு விண்மீன் வெடிப்பைக் கணக்கிட்டவர்கள், வெடித்தது சூரியனைப் போல இரண்டு மடங்கு நிறை உள்ளதாக இருக்கலாம் என்கிறார்களாம். அப்படியானால் எல்லை மீறப்பட்டதா, எப்படி? சந்திரசேகரின் நூற்றாண்டு விழாவில், அவருடைய எண்ணையே கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறார் 25 வயதுப் பையன்! யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சரி, உங்களுக்கு இரண்டே விஷயம். போகும் முன் அந்த இயற்பியலாளரின் வேலையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு நன்றாகப் படித்துவிடுங்கள். சந்தேகங்களை இடைவேளையில் மாணவர்களிடம் கேளுங்கள், அவர்கள் ஆசையாகச் சொல்லித் தருவார்கள். அப்புறம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அதைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டு, அவர்கள் என்ன கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.