பழைய எம்எக்ஸ்-5 காருக்குப் பின் சக்கர பேரிங்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அண்மையில் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள் அனுப்பியவை. அமெரிக்காவில் இதையே மியாட்டா என்பார்கள். 1989-ல் வந்த முதல் தலைமுறைக்கும் 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறைக்கும் பின் சக்கர பேரிங் வேலை ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

இந்த வண்டியின் முன் சக்கரத்தில் ஹப்பும் (சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) பேரிங்கும் ஒரே யூனிட். நட்டைக் கழற்றினால் உருவி வந்துவிடும், புதியதை மாட்டிவிடலாம். பின் சக்கரம் அப்படி இல்லை. பேரிங் நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கி சஸ்பென்ஷனோடு இணைக்கும் பாகம்) இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும், அதற்குள் ஹப் இறுக்கமாக ஏற்றப்பட்டிருக்கும். முன் சக்கரத்தை அரை மணியில் முடித்த தைரியத்தில் பின்னால் கை வைப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டினால் பின்னாலிருந்து "ஊஊ" என்று உறுமல் வருகிறது. பேரிங்தானா, டயரா, டிஃபரென்ஷியலா (இரு பின் சக்கரங்களுக்கும் இன்ஜின் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி)? எப்படி உறுதி செய்வது?

பேரிங்கை வாங்குவதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டீர்களே, அதுவே பாதி வேலை. மூன்றின் சத்தமும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் மாறும் விதம் வேறு.

காலியான, நேரான ரோட்டில் உறுமல் வரும் வேகத்தில் போய், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். அந்த நொடியே சத்தத்தின் குணம் மாறினால், அதாவது இழுக்கும்போது ஒரு மாதிரியும் காலை எடுத்தால் வேறு மாதிரியும் இருந்தால், டிஃபரென்ஷியலைச் சந்தேகியுங்கள். பேரிங் இதைக் கண்டுகொள்ளாது, வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கும். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாலும் அதே சத்தம் தொடரும்.

அடுத்து, நீளமான வளைவு. இடப்பக்கம் வளையும்போது வண்டியின் எடை வலப்பக்கச் சக்கரங்களில் சாயும். அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் வலப்பக்க பேரிங், வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடப்பக்க பேரிங். எப்போதும் இப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். இது இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங். எந்த வரிசை தேய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்துக் குறி தலைகீழாக வருவதும் உண்டு.

டயரைக் கழித்துக்கட்டுவது எளிது. புதுத் தார் போட்ட ரோட்டில் ஏறியதும் சத்தம் சட்டென்று குறைந்தால் அது டயர். இன்னும் உறுதி வேண்டுமானால் முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போடுங்கள். சத்தம் இடம் மாறினால் பேரிங் தப்பித்தது.

கடைசியாகக் கையால் பாருங்கள். முன் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, இன்னொரு கையின் விரல் நுனிகளை சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங் மேல் லேசாக வையுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலில் ஒன்றும் தெரியாது. கெட்டுப்போனது மணல் அரைபடுவது போல் நறநறவென்று ஸ்பிரிங் வழியே விரலுக்கு வரும். காதுக்கு எட்டாத தேய்மானம்கூட இதில் தெரிந்துவிடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியும் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் சக்கரத்தின் நடுவிலுள்ள ஆக்ஸில் நட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு பேரிங்கைக் குறை சொல்லுங்கள்.

ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை ஸ்டார்ட் செய்து, கியரில் போட்டுச் சக்கரத்தை ஓடவிட்டுக் கேட்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. வீட்டில் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

ஒரு பக்கம்தான் சத்தம். இரண்டையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். பேரிங் ஜோடியாக மாற்ற வேண்டிய பொருள் இல்லை. அந்தப் பணத்தில் நல்ல கம்பெனி பேரிங் ஒன்றாக வாங்குங்கள். என்எஸ்கே, என்டிஎன், கோயோ, எஸ்கேஎஃப், எஃப்ஏஜி இவற்றில் எதுவும் சரி. ஆனால் தெரிந்த டீலரிடம் வாங்குங்கள், இந்தப் பெயர்களிலேயே போலி பேரிங்குகளும் விற்பனையாகின்றன.

என்னிடம் பிரஸ் (டன் கணக்கில் அழுத்தும் கருவி) கிடையாது. பழைய சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?

கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வேலையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

பேரிங்கில் வெளி ரேஸ், உள் ரேஸ் என்று இரண்டு வளையங்கள். நடுவில் குண்டுகள். ஓடும்போது வரும் பாரம் பல குண்டுகளுக்குப் பகிர்ந்து போகும் விதமாகத்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு குண்டும் ரேஸைத் தொடும் இடம் மிகச் சிறியது. பிரஸ்ஸின் டன் கணக்கான அழுத்தமோ சுத்தியலின் அடியோ குண்டுகள் வழியாகப் போனால், ரேஸில் கண்ணுக்கே தெரியாத குழிகள் விழும். வண்டியை எடுத்த அன்று ஒன்றும் தெரியாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் அதே உறுமல் ஆரம்பிக்கும். ரோட்டில் தேய்ந்து சாவதை விட இப்படிப் பொருத்தும்போதே செத்துப்போன புது பேரிங்குகள்தான் என் மேஜைக்கு அதிகம் வருகின்றன.

ஆகவே எந்த அழுத்தமும் கொடுப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த விசை எந்த ரேஸ் வழியாகப் போகிறது? பேரிங்கை நக்கிளுக்குள் ஏற்றும்போது இறுக்கம் வெளி ரேஸில், ஆகவே வெளி ரேஸை மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பைப் பேரிங்குக்குள் ஏற்றும்போது இறுக்கம் உள் ரேஸில். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நக்கிளை அப்படியே பிரஸ் மேடையில் படுக்கவைத்து ஹப்பை மேலிருந்து அழுத்தினால், விசை உள் ரேஸ், குண்டுகள், வெளி ரேஸ், நக்கிள் என்று போய்விடும். நக்கிளைத் தாங்கினால் போதாது. கீழ்ப்பக்கம் உள் ரேஸுக்குச் சரியான அளவில் ஒரு குழாய்த் துண்டை முட்டுக் கொடுத்து, அதன் மேல் உட்காரவைத்து அழுத்துங்கள்.

பழைய ஹப்பைக் கழற்றும்போது விசை குண்டுகள் வழியாகத்தான் போக முடியும், வேறு வழியில்லை. அதனால் ஒருமுறை ஹப்பைக் கழற்றினால் அந்த பேரிங் முடிந்தது. நன்றாகத்தானே சுற்றுகிறது என்று திரும்ப மாட்டாதீர்கள்.

பிரஸ் இல்லாவிட்டால் நக்கிளைக் கழற்றி, புது பேரிங்கோடு அருகிலுள்ள மெஷின் ஷாப்பில் கொடுங்கள். என் கணக்கில் வீட்டு வேலைக்கு இதுதான் நல்ல வழி. கழற்றுவதும் மாட்டுவதும் உங்கள் கையில், அழுத்துவது மட்டும் அவர்கள் கையில். முட்டு எங்கே கொடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்பதில் தவறில்லை. பிரஸ் வைத்திருப்பவர்கள் கண்ணாடி அணியாமல் அழுத்த வேண்டாம். பேரிங் இரும்பு கடினமானது, உடைந்தால் சில்லாகத் தெறிக்கும்.

ஹப் வந்துவிட்டது, ஆனால் உள் ரேஸில் பாதி ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. எப்படி எடுப்பது?

இந்த உள் ரேஸ் இரண்டு துண்டு, அதில் ஒரு துண்டு ஹப்போடு வருவது வழக்கம்தான். பேரிங் செபரேட்டர் நுழைய இடம் இருந்தால் அதை மாட்டி இழுங்கள். இல்லாவிட்டால் கிரைண்டரில் மெல்லிய வெட்டுத் தகடு போட்டு, ரேஸின் குறுக்கே ஒரே கோட்டில் வெட்டுங்கள். முழு ஆழத்துக்கு வெட்ட வேண்டாம், முக்கால் பங்கு போதும். பிறகு அந்தக் கோட்டில் உளியை வைத்து ஓங்கி ஒரு அடி. "டிக்" என்ற சத்தத்தோடு ரேஸ் பிளந்து, அதுவரை அசையாத வளையம் கையோடு உருவி வரும். தகடு ஹப்பின் பரப்பைத் தொடக்கூடாது. மெல்லிய கீறல் என்றால் நைஸ் உப்புத்தாளால் மேட்டை மட்டும் நீவிவிடலாம், ஆழமாக வெட்டுப்பட்டால் ஹப்பையும் மாற்றுங்கள்.

பழைய வெளி ரேஸைக் குப்பையில் போடாதீர்கள். ஓரத்தில் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டால், புது பேரிங்கை வெளி ரேஸில் மட்டும் அழுத்த அதுவே சரியான கருவி. வெட்டு இருப்பதால் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் திரும்பி வரும்.

(டொராண்டோ வாசகர்) நக்கிளின் அடியில் இருக்கும் நீளமான போல்ட் அசையவே இல்லை. பத்து நாள் ஆயில் விட்டும் பயனில்லை.

பனி உருக ரோட்டில் உப்புத் தூவும் ஊர்களில் ஓடிய எம்எக்ஸ்-5 எல்லாவற்றிலும் இதே கதைதான். சஸ்பென்ஷனின் கீழ் ஆர்மையும் நக்கிளையும் சேர்க்கும் அந்த நீளமான போல்ட், புஷ்ஷின் (இணைப்பில் இருக்கும் ரப்பர் உருளை) உள்ளிருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒன்றாகிவிடும். பேரிங்கை விட இதற்குத்தான் நேரம் அதிகம் போகும்.

நுனியில் சுத்தியலால் அடித்தால் மரை விரிந்து இன்னும் மோசமாகும். முதலில் நீளமான பிரேக்கர் பாரால் தலையைத் திருப்பப் பாருங்கள். கால் சுற்று அசைந்தாலும் போதும், முன்னும் பின்னும் ஆட்டி ஆயில் விட்டுக்கொண்டே வெளியே கொண்டுவரலாம். போல்ட்டோடு ரப்பரும் சேர்ந்து முறுக்கிக்கொண்டு, கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பினால் அது வராது. அந்த இடத்தில் நேரத்தை வீணாக்காமல், ரெசிப்ரோகேட்டிங் ரம்பத்தால் ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவிலுள்ள சந்தில் போல்ட்டை இரு பக்கமும் அறுத்துவிடுங்கள். புது போல்ட்டும் புது புஷ்ஷும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டுதான் வண்டியைத் தூக்க வேண்டும். புது போல்ட்டின் உடல் முழுக்க ஆன்ட்டி-சீஸ் (துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பூச்சு) பூசி ஏற்றுங்கள்.

பேரிங்கை ஃப்ரீசரில் வைத்தால் சுலபமாக ஏறும் என்கிறார்களே?

உண்மைதான். சுமார் 70 மி.மீ. விட்டமுள்ள இரும்புப் பொருள் 60 பாகை குளிர்ந்தால் கிட்டத்தட்ட 0.05 மி.மீ. சுருங்கும். கேட்கச் சிறியதாகத் தெரியும், ஆனால் இந்த இறுக்கமும் அந்த அளவில்தான் இருக்கிறது. பேரிங்கைப் பையில் சுற்றி இரவு முழுக்க ஃப்ரீசரில் வையுங்கள், நக்கிளை ஹாட் ஏர் கன்னால் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்குங்கள். நெருப்புக் காட்டினால் புஷ் ரப்பர் போய்விடும். பேரிங்கைச் சூடாக்கவே கூடாது, உள்ளே ஆயுளுக்கும் சேர்த்துக் கிரீஸ் அடைத்துச் சீல் வைத்திருக்கிறார்கள். சர்க்ளிப்பை (பேரிங் வெளியே வராமல் பிடிக்கும் வளையக் கிளிப்) கையருகில் தயாராக வையுங்கள். பேரிங் அடியில் போய் முட்டியதும் பிரஸ் கைப்பிடி திடீரென்று கல் போல் இறுகும். அங்கேயே நிறுத்துங்கள்.

ஆக்ஸில் நட்டை இம்பாக்ட் கன்னால் இறுக்கினால் போதாதா? பழைய நட்டையே போடலாமா?

இரண்டுக்கும் இல்லை. கழற்ற இம்பாக்ட் சரி, பூட்ட டார்க் ரென்ச்தான் (குறித்த அளவு முறுக்கு விசையில் இறுக்கும் ஸ்பேனர்). 29 மி.மீ. நட், 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் டார்க். சரியான எண் உங்கள் வருட மாடலின் ஒர்க்‌ஷாப் மேனுவலில் இருக்கும். இந்த நட் வெறும் பூட்டு மட்டும் இல்லை. உள் ரேஸின் இரண்டு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்து, பேரிங்குக்குள் இருக்க வேண்டிய இறுக்கத்தைக் கொடுப்பது இதுதான். அதனால் நட் தளர்வாக இருக்கும்போது சக்கரத்தில் வண்டியின் எடையை இறக்காதீர்கள், வண்டியை உருட்டவும் வேண்டாம். ஸ்டாண்டில் இருக்கும்போதே ஒருவர் பிரேக்கை மிதிக்க நன்றாக இறுக்கிவிட்டு, பிறகு இறக்கிக் கடைசி டார்க் கொடுங்கள். புது நட்டின் கழுத்தை மொட்டைப் பஞ்ச்சால் ஆக்ஸில் பள்ளத்துக்குள் தட்டி மடக்க மறக்க வேண்டாம்.

என்னுடையது போர்ஷே 944. இதே முறைதானா?

அடிப்படை ஒன்று, வேலை வேறு. 944-ல் பேரிங் ட்ரெய்லிங் ஆர்முக்குள் (பின் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை) இருப்பதால், வண்டியில் வைத்தே திருகு புல்லரால் இழுத்து ஏற்றுவதுதான் வழக்கம். ஆக்ஸில் நட்டுக்கு 460 நியூட்டன் மீட்டர் வேண்டும். அரை இஞ்ச் டிரைவ் சாமான்கள் உடையும், முக்கால் இஞ்ச் வாங்குங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள்.

போன வருடம் மாற்றிய பேரிங் மறுபடியும் கத்துகிறது. பேரிங் கம்பெனி ஏமாற்றிவிட்டதா?

பொருத்திய விதத்தை முதலில் சந்தேகியுங்கள். அது சரியென்றால் ஹப்பைப் பாருங்கள். பழைய பேரிங் ஆட்டத்தோடு பல காலம் ஓடியிருந்தால் உள் ரேஸ் ஹப்பின் மேல் சுழன்று அதைத் தேய்த்திருக்கும். பேரிங் ஹப்பில் கையாலேயே வழுக்கிக்கொண்டு ஏறினால் அந்த ஹப் போய்விட்டது. பசை ஊற்றி ஒட்டுவது தீர்வாகாது, ஹப்பை மாற்றுங்கள்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டுமா?

இந்த வண்டியில் பின் சக்கரக் கோணங்களை வைக்கும் கேம் போல்ட்டுகள் கீழ் ஆர்மின் உட்பக்கம் இருக்கின்றன. அவற்றைத் தொடாமல் நக்கிளை மட்டும் கழற்றியிருந்தால் அலைன்மென்ட் மாறாது. ஆனால் நக்கிள் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுதாக இறுக்காதீர்கள். புஷ் ரப்பர் அந்த நிலையிலேயே பிடிபட்டு, வண்டி இறங்கியதும் எப்போதும் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். ஜாக்கால் நக்கிளை அடியிலிருந்து, வண்டி நிற்கும் உயரத்துக்கு ஏற்றி வைத்துக்கொண்டு கடைசி இறுக்கைக் கொடுங்கள். காலிப்பரைக் கம்பியில் தொங்கவிட்டு, ஹோஸைக் கழற்றாமல் வேலை செய்திருந்தால் பிரேக் ப்ளீட் செய்ய (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற) வேண்டியதில்லை. ஹேண்ட்பிரேக் தளர்ந்திருந்தால், காலிப்பரின் பின்னால் இருக்கும் 14 மி.மீ. போல்ட்டைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ திருகு இருக்கும். அதை இறுகும் வரை திருப்பி, சக்கரம் உரசாமல் சுற்றும் அளவுக்குக் கொஞ்சம் பின்வாங்கிவிட்டுப் போல்ட்டை மூடுங்கள்.