மறைத்து அணியும் கைத்துப்பாக்கி: ஹோல்ஸ்டர் கேள்வி பதில்

உரிமமும், மறைத்து எடுத்துச் செல்லும் அனுமதியும் உள்ளவர்களுக்கு மட்டுமே இந்தப் பக்கம். உடம்பில் இடம் சொல்லக் கடிகாரக் கணக்கு: தொப்புள் 12 மணி, வலது இடுப்பெலும்பு 3 மணி, முதுகுத்தண்டு 6 மணி. இடக்கைக்காரர்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளவும். செருகிப் பார்க்கச் சொல்லும் இடங்களில் எல்லாம் துப்பாக்கி காலி. முதலில் மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்றி, பிறகு ஸ்லைடை (நகரும் மேல்பாகம்) இழுத்து, சேம்பரை (சுடப்படும் தோட்டா உட்காரும் குழி) கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகுதான் மற்றது. வரிசையை மாற்றினால் மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்கு ஏறிவிடும்.

கேள்வி: முதல் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) வாங்கப்போகிறேன். தோல், நைலான், கைடெக்ஸ் என்று ஏகப்பட்டது இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

டிரிக்கரை வைத்து. டிரிக்கரும் அதைச் சுற்றிய கார்டும் (காப்பு வளையம்) முழுசாக மூடியிருக்க வேண்டும். மூடியிருக்கும் பொருள் அழுத்தினால் வளையக் கூடாது. காலித் துப்பாக்கியைச் செருகி, டிரிக்கர் இருக்கும் இடத்தில் வெளியிலிருந்து பெருவிரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். உள்ளே டிரிக்கர் அசைவது தெரிந்தால் அந்த உறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று விற்கும் மெத்தென்ற நைலான் உறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சோதனையிலேயே விழுந்துவிடும்.

அடுத்தது பிடிமானம். மெத்தைக்கு மேல் உறையைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். துப்பாக்கி விழக் கூடாது. அதே சமயம், உருவும்போது பெல்ட்டோடு சேர்ந்து மேலே வரும் அளவுக்கு இறுக்கமும் கூடாது. மூன்றாவது, துப்பாக்கி வெளியே இருக்கும்போதும் உறையின் வாய் திறந்தே நிற்க வேண்டும். வாய் மூடிக்கொள்ளும் உறையை விரித்துப் பிடிக்க இன்னொரு கை தேவைப்படும்; அந்தக் கை குழல்வாய்க்கு முன்னால்தான் போகும்.

கைடெக்ஸ் என்பது சூடாக்கினால் இளகும் பிளாஸ்டிக் தகடு. சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். துப்பாக்கியின் வார்ப்பின் மேல் அழுத்தி வடிவம் எடுப்பதால் ஒரு மாடலுக்குச் செய்தது இன்னொன்றுக்குச் சரியாக வராது. துப்பாக்கியில் டார்ச் பொருத்தியிருந்தால் அந்த டார்ச்சுக்கென்றே செய்த உறை வேண்டும். அப்படிப்பட்ட உறைகளில் டார்ச் நுழைய வாய் அகலமாக இருக்கும். டிரிக்கர் கார்டு பக்கம் எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள். வெயிலில் நிறுத்திய வண்டியின் முகப்பில் கைடெக்ஸை விட்டுவைத்தால் வடிவம் கெட்டுப் பிடிமானம் போகும்.

தோல் உடம்புக்கு இதமானது, சத்தம் போடாது. அதன் வியாதி வயதான பின் வரும். வாய் ஓரம் தளர்ந்து உள்பக்கமாக மடியத் தொடங்கும். திரும்பச் செருகும்போது அந்த மடிப்பு டிரிக்கர் கார்டுக்குள் புகுந்து விரலின் வேலையைச் செய்துவிடும், துப்பாக்கி வெடிக்கும். ஓரம் மடியத் தொடங்கிய தோல் உறையைத் தைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: குழல் நீளம் குறைந்த பிஸ்டலாகப் பார்த்து வாங்கினேன். அப்படியும் சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரிகிறதே?

காட்டிக்கொடுப்பது குழல் இல்லை, கைப்பிடி. குழல் பேண்ட்டுக்குள் மறைந்துவிடுகிறது. பெல்ட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிடிதான் துணியைக் குத்துகிறது. பிடி நீளமாக இருந்தால் குழலைக் குட்டையாக்கிப் பயனில்லை. குழல் மிகக் குட்டையானால் எடை பெல்ட்டுக்கு மேலே சேர்ந்து, துப்பாக்கி வெளிப்பக்கம் சாயவும் செய்யும். அதனால்தான் சில உறைகளைக் குழலைவிட ஓரிரு சென்டிமீட்டர் நீளமாகச் செய்கிறார்கள்.

புதுத் துப்பாக்கி வாங்குமுன் உறையில் இரண்டு பாகங்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒன்று கிளா: டிரிக்கர் கார்டு பக்கம் ஸ்குரூவால் பூட்டும் சிறு இறக்கை. பெல்ட்டின் உள்பக்கம் அதை அழுத்த, அது பிடியை உடம்பை நோக்கித் திருப்பும். பெல்ட் அதன் மேல் படாமல் மேலேயோ கீழேயோ போனால் கிளா இருந்தும் இல்லாததுதான். மற்றது வெட்ஜ்: உறையின் கீழ்முனையில், உடம்புப் பக்கம் ஒட்டும் பஞ்சுத் துண்டு. கீழ்முனையை அது வெளியே தள்ளும்போது மேல்முனை உள்ளே சாயும். கிளா பக்கவாட்டில் திருப்புகிறது, வெட்ஜ் மேலிருந்து கீழாகச் சாய்க்கிறது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. முன்பக்கம் அணிகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் தேவைப்படும்.

சட்டை விஷயம் எளிது. மெல்லிய வெளிர் துணியில் எல்லாம் தெரியும்; கட்டமோ பூவோ போட்ட, சற்றுக் கனமான துணி மறைக்கும். நொடிக்கொருதரம் இடுப்பைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் எந்தத் துணியும் உதவாது.

கேள்வி: முன்பக்கம் 1 மணி, பக்கவாட்டில் 4 மணி. எது நல்லது?

உடல்வாகும், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதும்தான் இதைத் தீர்மானிக்கும்.

முன்பக்கம் அணிந்தால் இரண்டு கையும் எட்டும், கூட்டத்தில் கண்காணிக்கலாம், குனிந்தால் வெளியே தெரியாது. திரும்பச் செருகும்போது உறையின் வாயைக் கண்ணால் பார்க்கவும் முடியும். விலையாகக் கொடுப்பது இது: உட்கார்ந்தால் குழல்வாய் தொடையையோ அடிவயிற்றின் கீழ்ப்பகுதியையோ நோக்கியிருக்கும். தொடையின் பெரிய ரத்தக்குழாய் அங்கேதான் ஓடுகிறது. ஆகவே கடினமான உறையும் அவசரமில்லாத கையும் இல்லாதவர்களுக்கு இந்த இடம் இல்லை. தொந்தி உள்ளவர்களுக்கு வயிறு பிடியை வெளியே தள்ளும், உறையின் வாயும் பார்வைக்கு மறையும்.

3:30 முதல் 4 மணி வரை இடுப்பெலும்புக்குப் பின்னால் ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. அங்கே உறை சுகமாக உட்காரும். பிடி முன்னோக்கிச் சாயும்படி 10 முதல் 15 டிகிரி கோணம் கொடுத்தால் துருத்தல் குறையும், மணிக்கட்டும் இயல்பாக வளையும். குறை: குனிந்தால் பிடி சட்டையைத் தூக்கிவிடும், வண்டியில் உட்கார்ந்து சீட் பெல்ட் போட்டுவிட்டால் கை எட்டுவது கஷ்டம், பின்னால் நிற்பவர் தொட்டாலும் உங்களுக்குத் தெரியாது.

வாங்கியதும் வெளியே போய்விடாமல் ஒரு வாரம் வீட்டிலேயே காலித் துப்பாக்கியுடன் அணிந்து பாருங்கள். தரையில் உட்காருங்கள், ஷூ லேஸ் கட்டுங்கள், உயர அலமாரியில் கையை நீட்டுங்கள். எங்காவது குத்தினால் உடனே உறையைக் குறை சொல்லாமல் 1 சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். கீழ்முனை குத்தினால் வெட்ஜ் சேர்க்கலாம். பிடி விலாவில் இடித்தால் உறையை ஒரு துளை இறக்கிப் பூட்டலாம். ஆனால் பிடியை முழுக் கையாலும் பற்ற முடியாத அளவுக்கு இறக்கிவிடாதீர்கள். உறையில் இருக்கும்போதே நடுவிரல் டிரிக்கர் கார்டின் அடியில் முழுதாகப் படிய வேண்டும்.

கேள்வி: 6 மணியில், முதுகுக்கு நடுவில்?

வேண்டாம். மல்லாக்க விழுந்தால் இரும்புக்கட்டி முதுகுத்தண்டின் மேல். உட்கார்ந்தால் எடுக்கவும் முடியாது.

கேள்வி: சாதாரண பெல்ட் போதாதா?

தோட்டா நிரம்பிய கிளாக் 19 பிஸ்டல் சுமார் 850 கிராம். அந்த எடையை ஓர் ஓரத்தில் தாங்கும் சாதாரண பெல்ட் மெல்ல முறுக்கிக்கொள்ளும், உறை வெளியே சாயும், உடனே ‘இந்த ஹோல்ஸ்டர் சரியில்லை’ என்று அடுத்ததை வாங்குவார்கள். பல வீட்டு இழுப்பறைகளில் ஹோல்ஸ்டர்கள் குவிந்து கிடப்பதற்கு இதுதான் காரணம். 38 மில்லிமீட்டர் அகலம், நடுவே கடினத் தகடு வைத்துத் தைத்தது, அரை சென்டிமீட்டருக்கு ஒரு பிடி என்று நுணுக்கமாக இறுக்கக்கூடியது: இப்படி ஒன்று வாங்குங்கள். உறையின் கிளிப்பும் அதே அகலத்துக்கு இருக்க வேண்டும். 45 மில்லிமீட்டர் கிளிப்பை 38 பெல்ட்டில் மாட்டினால் மேலும் கீழும் ஆடும். பேண்ட்டுக்குள் அணிவதானால் இடுப்பளவு ஓர் அளவு பெரிதாக வேண்டியிருக்கும்.

கேள்வி: திரும்பச் செருகும்போது ஆபத்து அதிகம் என்கிறார்கள். எப்படிச் செய்வது?

அவர்கள் சொல்வது சரி. உருவுவதற்கு அவசரம் இருக்கலாம், செருகுவதற்கு ஒருபோதும் இல்லை. விரலைத் துப்பாக்கியின் உடலோடு நேராக நீட்டி ஒட்டி வையுங்கள். மற்றக் கையால் சட்டையை நெஞ்சுவரை தூக்கிப் பிடியுங்கள். முன்பக்கம் அணிபவர்கள் இடுப்பை முன்னே தள்ளி, மேலுடம்பைப் பின்னே சாய்த்தால் குழல்வாய் உடம்பை விட்டு விலகும். உறையின் வாயைப் பாருங்கள், மெல்லச் செருகுங்கள். சுத்தியல் (தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் பாகம்) வெளியே உள்ள துப்பாக்கியானால் பெருவிரலைச் சுத்தியலின் பின்புறம் வையுங்கள். ஏதாவது டிரிக்கரை இழுத்தால் சுத்தியல் நகர்வது விரலில் தெரியும். கிளாக் போன்றவற்றில் சுத்தியல் வெளியே இல்லை, தனிப் பாதுகாப்புப் பூட்டும் இல்லை, அதனால் கண்தான் காவல். பாதியில் எங்காவது தடுத்தால் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்து என்ன சிக்கியது என்று பாருங்கள். சட்டை ஓரம், ஜாக்கெட்டின் இழுகயிறும் அதன் நுனிக் குமிழும், மடிந்த தோல் என்று பெரும்பாலும் இவைதான் இருக்கும்.

இன்னும் பாதுகாப்பானது, உறையைப் பெல்ட்டிலிருந்து கழற்றி மேஜைக்கு மேல் வைத்து, துப்பாக்கியைச் செருகிய பிறகு இரண்டையும் சேர்த்தே இடுப்பில் மாட்டுவது. அன்றாடம் காலையில் அணிவதற்கு இந்த வழியே போதும்.

கேள்வி: பொது இடத்துக் கழிவறைக்குப் போகும்போது என்ன செய்வது?

கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி. கதவுக் கொக்கியில் மாட்டாதீர்கள், தண்ணீர்த் தொட்டி மேல் வைக்காதீர்கள். மறந்துவிட்டுப் போகிறவர்கள் அங்கேதான் விட்டுவிட்டுப் போகிறார்கள். துப்பாக்கி உறையிலேயே இருக்கட்டும். பேண்ட்டை முழங்காலுக்குக் கீழே விடாமல், பெல்ட்டை முழங்காலுக்கு மேலே மறுபடி பூட்டி, கால்களை அகட்டி இறுக்கமாக வையுங்கள். உறை சாயாது, தடுப்புக்கு அடியில் பக்கத்து அறைக்காரருக்கும் தெரியாது.

கேள்வி: பாக்கெட், கணுக்கால், கைப்பை. இவை எப்படி?

பாக்கெட்டில் வைத்தால் அதற்கும் உறை வேண்டும், அந்தப் பாக்கெட்டில் வேறெதுவும் இருக்கக் கூடாது. ஒரு பேனாவோ சாவியோ போதும், டிரிக்கரை இழுக்க. உறையின் வெளிப்பரப்பு சொரசொரப்பாக இருந்தால்தான் துப்பாக்கி வரும்போது உறை உள்ளேயே தங்கும்.

கணுக்காலுக்கு 400, 450 கிராம் எடைக்குள் அடங்கும் சிறு ரிவால்வர்தான் சரி. எடுக்க மண்டியிட வேண்டும். இரண்டாவது துப்பாக்கிக்கு ஏற்ற இடம், முதலாவதற்கு இல்லை.

கைப்பையைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. பையைப் பறித்தால் துப்பாக்கியும் போயிற்று. நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தால் குழந்தை கைக்கு எட்டும். வேறு வழியே இல்லை என்றால் தனி அறையும் உள்ளே கடின உறையும் உள்ள பையாக இருக்கட்டும், தோளை விட்டு இறங்கவே கூடாது. இடுப்பு உயர்ந்த உடையால் பெல்ட்டில் அணிய முடியாத பெண்களுக்கு, டிரிக்கரை மூடும் கடினக் கூடு தைத்த வயிற்றுப்பட்டை நல்ல மாற்று.

கேள்வி: வியர்வையால் துருப்பிடிக்கிறது. உறையின் ஸ்குரூவும் தளர்ந்துகொண்டே இருக்கிறது.

தினமும் கழற்றியதும் உலர்ந்த துணியால் துடைத்து, வெளிப்பரப்பில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீண்ட நாள் துப்பாக்கியை அதற்குள் விட்டுவைக்காதீர்கள்.

ஸ்குரூவை ரப்பர் வாஷரோடு சேர்த்து, குலுக்கல் சோதனையில் தேறும் அளவுக்கு முறுக்குங்கள். அளவு சரியானதும் கழற்றி, உலோக மரையில் மட்டும் நீல நிற லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சிறு துளி இட்டுத் திரும்பப் பூட்டுங்கள். பிளாஸ்டிக்கில் வழிந்தால் உடனே துடைத்துவிடுங்கள், வழிந்த இடத்தில் விரிசல் விடலாம். மாதம் ஒருமுறை கிளிப் துளைகளைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தினமும் இரவில் தோட்டாவை வெளியே எடுத்து, காலையில் அதையே திரும்ப ஏற்றுபவர்கள் கவனிக்க: ஒவ்வொரு முறை ஏறும்போதும் குண்டின் மூக்கு இடிபட்டு, அது கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். சுடும்போது அழுத்தம் அளவுக்கு மீறும். புதுத் தோட்டாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்துப் பாருங்கள். உயரம் குறைந்திருந்தால் அந்தத் தோட்டாவை ஒதுக்கிவிடுங்கள்.