விளக்கை அணைக்காத தம்பி: இளையோர் மனநலம், கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பல, நாட்டைவிட்டுத் தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகளைப் பற்றியவை. கேட்டவர்கள் பெரும்பாலும் ‘அங்கே நடந்ததை’ நினைத்துக் கவலைப்படுகிறார்கள். எனக்கோ ‘இங்கே நடப்பது’ பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

தம்பிக்கு 16 வயது. ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டான், மூன்று மணிக்கு மேல்தான் கண் அசருவான். வகுப்பில் தூங்குகிறான் என்று புகார் வருகிறது. வரும் வழியில் நடந்ததைக் கேட்டால் எழுந்து போய்விடுகிறான். மனதில் இருப்பதைக் கொட்ட வைத்தால் சரியாகுமா?

கொட்ட வைக்காதீர்கள். பேச விருப்பமில்லாதவரைத் துருவித் துருவிக் கேட்பதால் பலன் இல்லை, சிலருக்கு அது நிலைமையை மோசமாக்கும். அவன் விழித்திருப்பது அடமும் அல்ல, சோம்பலும் அல்ல. காவல் காக்கிறான். இருட்டில் தூங்கினால் ஆபத்து என்று ஒரு காலத்தில் அவன் உடம்பு கற்றுக்கொண்டது, அப்போது அது சரியான பாடம்தான்.

விளக்கு எரியட்டும், வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும். படுத்தபடியே கதவு தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடுங்கள். கெட்ட கனவு கண்டு அலறினால் தொட்டு உலுக்காதீர்கள். ஓரடி தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்: “நான் அக்கா. இன்றைக்குப் புதன்கிழமை. நீ நம் வீட்டில் இருக்கிறாய்.” எழுந்து உட்கார்ந்து வெறும் காலைத் தரையில் வைக்கச் சொல்லுங்கள். தரையின் குளிர்ச்சி அவனை இந்த அறைக்குக் கொண்டுவரும்.

கெட்ட கனவு, சின்ன சத்தத்துக்கும் திடுக்கிடுவது, நடந்ததை நினைவூட்டும் எதையும் ஒதுக்குவது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல நிபுணரிடம் காட்ட வேண்டும். நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன. ஒன்றில், தரையில் ஒரு கயிற்றை விரித்து, பிறந்த நாள் முதல் இன்றுவரையான வாழ்க்கையாக அதைப் பார்ப்பார்கள். நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பிறகு பல அமர்வுகளில் ஒவ்வொரு கல்லாகப் பேசுவார்கள். அதுவும் பேச்சுதான், ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருந்து நிதானமாக நடத்துகிற பேச்சு. ‘கொட்ட வைப்பது’ என்பது வேறு.

நான் ஆசிரியர். தீ ஒத்திகை மணி அடித்ததும் ஒரு மாணவன் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். என்ன செய்வது?

அடுத்த முறை ஒத்திகையை முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிடுங்கள், கதவுப் பக்கத்தில் இடம் கொடுங்கள். மற்றவர்கள் முன்னால் பரிதாபப்படாதீர்கள், அவனுக்கு அதுதான் அதிகம் வலிக்கும். இன்னொன்று: அகதிப் பிள்ளை என்றாலே நோயாளி என்று எண்ண வேண்டாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், அகதிகளாகவோ புகலிடம் கோரியோ வந்த சிறார்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு (முன்பு சொன்ன கெட்ட கனவு, திடுக்கிடல், ஒதுக்கல் எல்லாம் நீடிக்கும் நிலை) இருந்தது.

எங்களுக்கு இந்த ஊர் மொழி வராது. 12 வயது மகள்தான் மருத்துவரிடம் எல்லாம் மொழிபெயர்க்கிறாள். தப்பா?

கடைப் பலகையைப் படித்துச் சொல்லட்டும், அவளுக்கும் பெருமையாக இருக்கும். மருத்துவமனையில் வேண்டாம். அம்மாவுக்கு என்ன நோய் என்று வீட்டிலேயே முதலில் கேட்பவள் அவளாகிவிடுகிறாள். அதைப் பாதியாக்கிச் சொல்வதா முழுதாகச் சொல்வதா என்று முடிவெடுப்பவளும் அவளே. பெரியவர்களுக்கே கனமான வேலை இது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், கேட்கத் தயங்க வேண்டாம். புகலிட விசாரணைக்கு அவளைக் கண்டிப்பாகக் கூட்டிப் போகாதீர்கள்.

எனக்கு 19 வயது. புகலிட மனு கொடுத்து ஒன்றரை வருடம் ஆகிறது, முடிவு வரவில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒரு பக்கம் ஓடவில்லை. எனக்குப் பைத்தியமா? டாக்டரிடம் போனால் மனு பாதிக்குமா?

பைத்தியம் இல்லை. தபால் வரும் நேரம் நெருங்கினாலே நெஞ்சு படபடக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். காத்திருப்பு நீள நீள மனச்சோர்வும் பதற்றமும் கூடுவதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். முடிவைச் சீக்கிரம் வரவழைப்பது உங்கள் கையில் இல்லை. எழுகிற நேரம், ஒரு விளையாட்டு, வாரத்துக்கு ஒரு வகுப்பு இவை கையில் இருக்கின்றன. சின்ன விஷயமாகத் தெரியும், இருந்தும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

யார் அகதி என்று வரையறுக்கும் 1951 அகதிகள் ஒப்பந்தம் பார்ப்பது துன்புறுத்தலுக்கான நியாயமான அச்சத்தை. மனநல சிகிச்சை எடுப்பது அதைக் குறைக்காது. சந்தேகம் இருந்தால் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் மனு, வழக்கறிஞர் எதற்கும் காத்திருக்காமல் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அப்பா காணாமல் போய் நான்கு வருடம். அழவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. அம்மா அவர் சட்டையை இன்னும் மடித்து வைக்கிறார்.

இதற்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு: தெளிவற்ற இழப்பு. வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்த குடும்ப சிகிச்சை ஆய்வாளர் பாலின் பாஸ் 1970-களில் வைத்த பெயர். உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்பதால் துக்கம் தொடங்கவே மாட்டேன் என்கிறது. ‘ஏற்றுக்கொள், மறந்துவிடு’ என்று சொல்பவர்களை விட்டுவிடுங்கள். ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்லப் பழகலாம். அம்மா சட்டையை மடிக்கட்டும். நீங்கள் சிரித்தால் அப்பாவுக்குத் துரோகம் ஆகாது.

செஞ்சிலுவை அமைப்புகள் பிரிந்த குடும்பத்தினரைத் தேடித் தருகின்றன, கட்டணம் கிடையாது. விண்ணப்பத்தில் கடைசியாகப் பார்த்த இடம், நாள் போன்ற விவரங்கள் கேட்பார்கள். அதை எழுதும்போது தனியாக உட்காராதீர்கள், ஒரு நண்பரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.