மேடேறினால் திணறும் பழைய கார்

கேள்வி: என்னிடம் இருப்பது 1997ஆம் ஆண்டு வாங்கிய, கார்புரேட்டர் பொருத்திய மாருதி 800. ஊருக்குள் ஓட்டும்போது எந்தத் தொல்லையும் இல்லை. குன்னூர் மலைப்பாதையில் மட்டும், கல்லாறு தாண்டிச் சில கிலோமீட்டர் நன்றாக இழுத்துவிட்டு, அதன் பிறகு ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் திணறுகிறது. ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நிறுத்தி எடுத்தால் மறுபடியும் கொஞ்ச தூரம் இழுக்கிறது. பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டன. புகை இல்லை, ஆயிலும் குறையவில்லை. மெக்கானிக்கோ, ‘ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும்’ என்கிறார். இறக்கலாமா?
– வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: இப்போதைக்கு இறக்க வேண்டாம். உங்கள் மெக்கானிக் சொல்வதற்கு எதிரான சாட்சியம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் ரிங் தேய்ந்த இன்ஜின் நீலப் புகை விடும், ஆயிலைக் குடிக்கும், சமதரையிலும் சோர்ந்தே இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பத்து நிமிட ஓய்வில் தேய்ந்த ரிங் குணமாகிவிடாது. வால்வு பழுதாகி ஒரு சிலிண்டர் சோர்ந்திருந்தாலும், மூன்றே சிலிண்டர் கொண்ட இந்த 796 சிசி இன்ஜின் ஐடிலில் நிற்கும்போதே குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓய்வு கொடுத்தால் சரியாகிற கோளாறுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெட்ரோல் வரத்தை. ஊருக்குள் ஓடும்போது இன்ஜினுக்குத் தேவைப்படும் பெட்ரோல் மிகக் குறைவு என்பதால், பாதி அடைத்த ஃபில்டர்கூட அதைக் கொடுத்துவிடும். இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தி மலையேறும்போது தேவை பன்மடங்கு கூடிவிடுவதால், காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் மிதவை அறையில் உள்ள பெட்ரோல், பம்ப் நிரப்புவதைவிட வேகமாகக் காலியாகி, காற்று அதிகமும் பெட்ரோல் குறைவுமான கலவை சிலிண்டருக்குள் போகிறது. வண்டியை நிறுத்தியதும் டேங்கின் உறிஞ்சுவாயில் ஒட்டியிருந்த கசடு விலகுகிறது. திரும்ப ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டால் அறை நிரம்பிவிடுகிறது. அந்த இருப்பு தீரும்வரைதான் வண்டி இழுக்கும்.

இதை உறுதிசெய்யச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. அடுத்த முறை திணறத் தொடங்கும்போது காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக் குமிழைக் கால்வாசி இழுத்துப் பாருங்கள். இழுவை கூடினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். மாற்றம் இல்லாவிட்டாலோ, இன்னும் மோசமானாலோ, பெட்ரோலை விட்டுவிட்டு, பிளக்கில் தீப்பொறி எழுப்பும் இக்னிஷன் பக்கம் போகலாம். சூடேறியதும் தளர்ந்து, ஆறியதும் உயிர்பெறும் இக்னிஷன் காயில் இதே நாடகத்தை ஆடும்; ஆனால் அது பெரும்பாலும் வெட்டி வெட்டி இழுக்குமே தவிர, மெல்லச் சோராது.

சோக் சோதனையில் பெட்ரோல்தான் என்று தெரிந்தால், அதே இடத்தில் வண்டியை நிறுத்தி டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டால், மூடியில் காற்று புகும் துளை அடைத்து, டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை வரவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஒரு மூடியால் இன்ஜின் இறக்கப்பட்ட கதைகள் பட்டறைகளில் உண்டு. சத்தம் இல்லையென்றால் பெட்ரோல் ஃபில்டர், டேங்க் வடிகட்டி, ரப்பர் குழாய்கள், பம்பின் டயாஃப்ரம் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

குழாய்களைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறது. 1997இல் செய்த ரப்பரும், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான ஜெட்டும் இதை எதிர்பார்த்தவை அல்ல. எத்தனால் பழைய டேங்கின் படிவுகளைக் கரைத்துக் கிளப்பும். பழைய ரப்பரை ஊதவைக்கும். மேலும், ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். ஆகவே பெட்ரோலுக்கென அளவெடுத்த ஜெட்டில் கலவை இன்னும் மெலிந்துபோகும்.

குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்று அடர்த்தி குறைந்து ஆறில் ஒரு பங்கு திறன் அங்கே எப்படியும் குறையும். ஆனால் உங்களுக்குத் தொல்லை அடிவாரத்திலேயே தொடங்கிவிடுவதால் உயரத்தின் மேல் பழிபோட முடியாது.

இத்தனைக்கும் பிறகு மெக்கானிக் ரிங்கையே குற்றம் சொன்னால், சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, அளந்து காட்டச் சொல்லுங்கள். இன்ஜின் சூடாக, மூன்று பிளக்கும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து அளக்க வேண்டும். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்தால், அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். அளக்காமல் இறக்குகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பழைய காருக்கு விலை கூடிய பிரீமியம் பெட்ரோல் போட்டால் பிக்கப் கூடுமா?
– வாசகர், திருச்சி

பதில்: கூடாது. பிரீமியம் பெட்ரோலில் கூடுதலாக இருக்கும் ஆக்டேன் என்பது, சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டும் நாக்கிங்கைத் தாங்கும் தன்மையே தவிர, கூடுதல் வலிமை அல்ல. அமுக்க விகிதம் குறைந்த பழைய இன்ஜினுக்கு அந்தத் தாங்குதல் தேவைப்படுவதும் இல்லை. மேட்டில் ‘டக டக’ என்று தட்டும் சத்தம் வந்தால், பங்க்கை மாற்றுவதற்கு முன் இக்னிஷன் டைமிங்கைச் சரிபாருங்கள்.